மூளைக்கு ஒரு பட்டினிப் பயிற்சி!

பக்கவாதம் என்ற பெயரைக் கேட்டாலே நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். நேற்றுவரை கோலம் போட்ட கை இன்று தூக்க வராமல் துவண்டு கிடக்கும். வாய் கோணி, பேச்சுக் குழறி, வீடே நிலைகுலைந்து போகும். மூளைக்குப் போகிற ரத்தம் தடைப்படுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால், ‘அந்த ரத்தத்தைக் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே நிறுத்தி வைத்தால், பின்னால் வரப்போகும் பெரிய அடைப்பை மூளை தாங்கிக்கொள்ளும்’ என்று யாராவது சொன்னால்? ‘இதென்ன கூத்து!’ என்றுதானே கேட்பீர்கள்?

கூத்தில்லை, நிஜம்தான். டாக்டர்கள் இதற்கு ‘இஸ்கீமிக் ப்ரீகண்டிஷனிங்’ என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். இஸ்கீமியா என்றால் ஓர் உறுப்புக்கு ரத்தம் போதாமல் போவது. ரத்தப் பட்டினி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ப்ரீகண்டிஷனிங் என்றால் முன்கூட்டியே பழக்குவது. ஆக, நம் பாஷையில் ‘பட்டினிப் பயிற்சி’. இதை அரைகுறையாகக் கேட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன்.

தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த வீடு

குழாயில் எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிற வீடு ஒன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் தண்ணீர் வருகிற வீடு இன்னொன்று. திடீரென்று இரண்டு நாள் குழாய் வறண்டு போனால் எந்த வீடு சமாளிக்கும்? சந்தேகமே வேண்டாம், இரண்டாவது வீடுதான். அங்கே குடம், அண்டா, தவலை எல்லாம் நிரம்பியிருக்கும். ஒழுகுகிற குழாய்க்கு எப்போதோ வாஷர் மாற்றியிருப்பார்கள். துணி துவைப்பதைத் தள்ளிப் போட்டு, குடிக்கவும் சமைக்கவும் எவ்வளவு வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவுக்கு விரல் நுனியில் கணக்கு இருக்கும்.

நம் உடம்பின் செல்களும் ஏறக்குறைய இப்படித்தான். இதில் மூளைதான் முதல் ரக வீடு, ஒரே தாராளம்! உடம்பு எடையில் சுமார் 2 சதவிகிதம்தான் மூளை. ஆனால் நாம் இழுக்கிற பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. வரத்து நின்றால் சில நிமிஷங்களிலேயே தவிக்க ஆரம்பித்துவிடும். பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்று 2006இல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நாம் காபி கலக்குகிற நேரத்தில் எத்தனை லட்சம் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் செல்லம் கொடுத்து வளர்ந்த மூளைக்குப் பட்டினி பழக்க முடியுமா?

நாயின் இதயத்திலிருந்து எலியின் மூளைக்கு

விஷயம் தொடங்கியது மூளையில் இல்லை, இதயத்தில். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரி, ராபர்ட் ஜென்னிங்ஸ், கீத் ரைமர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இதயத்துக்கு ரத்தம் தருகிற ஒரு குழாயை 5 நிமிஷம் இறுக்கிப் பிடிப்பது, பிறகு 5 நிமிஷம் விட்டுவிடுவது. இப்படி நாலு தடவை. அதற்குப் பிறகு அதே குழாயை 40 நிமிஷம் முழுசாக அடைத்துவிட்டார்கள்.

ஏற்கெனவே நாலு தடவை அடி வாங்கிய இதயம் அதிகமாகத்தானே கெட்டிருக்க வேண்டும்? நடந்ததோ நேர்மாறு! பயிற்சி பெறாத நாய்களின் இதயத்தில் செத்துப்போன தசையின் அளவோடு ஒப்பிட்டால், பயிற்சி பெற்றவற்றில் அது கால் பங்குதான் இருந்தது.

இதே சோதனையில் இன்னொரு பகுதியும் உண்டு. அதைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 40 நிமிஷத்துக்குப் பதில் 3 மணி நேரம் அடைத்து வைத்தபோது பயிற்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு சேதம்தான். குடத்துத் தண்ணீர் இரண்டு நாள் வரும். இரண்டு மாசம் வருமா? பயிற்சி என்பது கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருமே தவிர, அடைப்பை நீக்கிவிடாது. இந்த ஒரு விஷயத்தை மனசில் முடிந்து வைத்துக்கொண்டால் மேலே வருவதெல்லாம் சுலபமாகப் புரியும்.

நாலு வருஷம் கழித்து, 1990இல், ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த கிடகாவா குழுவினர் மூளையிலும் இது நடக்கிறது என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஜெர்பில் என்ற பாலைவனத்து எலி. பெரும்பாலான பிராணிகளுக்கும் நமக்கும் மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையம் போல இருக்கும். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கத்திலிருந்து கொஞ்சமாவது ரத்தம் வரும். ஜெர்பிலுக்கு அந்த வளையம் முழுமையாக இல்லை. கழுத்துக் குழாய்கள் இரண்டையும் பிடித்தால் முன்மூளை முழுப் பட்டினி!

5 நிமிஷம் அப்படிப் பிடித்தால், ஞாபக சக்திக்கு ஆதாரமான ‘ஹிப்போகாம்பஸ்’ பகுதியின் செல்கள் சில நாளில் செத்துப்போகும். ஆனால் ஒருநாள் இடைவெளியில் இரண்டு தடவை, தடவைக்கு 2 நிமிஷம் மட்டும் பட்டினி போட்டுப் பழக்கிய எலிகளில் அந்தச் செல்கள் ஏறக்குறைய முழுசாகப் பிழைத்துக்கொண்டன.

செல்லுக்குள் என்னதான் நடக்கிறது? ரத்தம் நின்றால் செல்லுக்குச் சக்தி வற்றிப்போகிறது. உப்புகளை உள்ளே வெளியே என்று ஒழுங்காக வைத்திருக்கும் ‘பம்பு’கள் நின்றுவிடுகின்றன. குளூட்டமேட் என்ற ரசாயனம் வெள்ளமாகக் கொட்டி, பக்கத்துச் செல்களைக் கதவு திறக்க வைக்கிறது. திறந்த கதவு வழியே கால்சியம் புகுந்து உள்ளேயிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. பட்டினி தெரிந்த செல்லோ செலவைக் குறைத்துக்கொள்கிறது, கதவை இறுக்குகிறது, அடிபட்ட புரதங்களைச் சரிசெய்யும் காவல் புரதங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பலன் இரண்டு தவணையாக வருகிறது. பயிற்சி முடிந்த உடனே ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு பாதுகாப்பு, பிறகு அது மங்கிவிடும். ஒருநாள் கழித்துப் புதுப் புரதங்கள் தயாரானதும் மறுபடி தலைகாட்டி, இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுப் போய்விடும். ஒருமுறை பழக்கினால் ஆயுசுக்கும் போதும் என்கிற கதை இல்லை.

‘சரியாப் போச்சு’ என்ற ஆபத்து

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம்.

காலை எட்டு மணி. மாமியார் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுகிறது. “என்னாச்சு அத்தை?” என்று மருமகள் ஓடி வருகிறாள். பெரியவருக்குப் பதில் சொல்ல நாக்குப் புரளவில்லை. கையில் பலமில்லை. பதறிப்போய் உட்கார வைத்து விசிறுகிறார்கள். பத்தே நிமிஷம்! கை தூக்க வருகிறது, பேச்சும் வந்துவிடுகிறது. “ஒண்ணுமில்லேம்மா, பித்தம்... ராத்திரி சரியாத் தூங்கலே. இப்போ சரியாப் போச்சு. அவன்கிட்ட சொல்லி ஆபீஸுக்கு லேட் பண்ணிடாதே” என்கிறார் மாமியார். மருமகளும் மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

இது பித்தமும் இல்லை, வாயுவும் இல்லை. மூளையின் ஒரு குழாய் சற்று அடைபட்டு, தானே திறந்துகொண்டிருக்கிறது. டாக்டர்கள் இதை ‘டி.ஐ.ஏ.’ என்பார்கள், ‘மினி ஸ்ட்ரோக்’ என்றும் சொல்வதுண்டு.

ஜெர்பில் கதையைக் கேட்ட கையோடு இதைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு எண்ணம் வரும்: ‘அட, இதுவும் இயற்கை தந்த பட்டினிப் பயிற்சிதானே? நல்லதுதானே?’ ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே ஆசை வந்தது. 1999இல் ஜெர்மனியிலும், 2000இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் நோயாளிகளின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். மினி ஸ்ட்ரோக் வந்து, பிறகு பெரிய ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குப் பாதிப்பு சற்றுக் குறைவாக இருப்பது போலத் தெரிந்தது. லோசானில், 10 முதல் 20 நிமிஷம் நீடித்த மினி ஸ்ட்ரோக்குக்குத்தான் இந்தப் பலன் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் 2004இல் வடக்கு கலிஃபோர்னியா நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு பாதுகாப்புக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆக, மனிதர்களில் இது தீராத வழக்கு.

தீர்ந்துபோன வழக்கு ஒன்று உண்டு. அதே வடக்கு கலிஃபோர்னியாவில் மினி ஸ்ட்ரோக் வந்து அவசரப் பிரிவுக்குப் போன 1707 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். 90 நாளைக்குள் 180 பேருக்கு முழு ஸ்ட்ரோக்கே வந்துவிட்டது. அதாவது பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். அவர்களில் 91 பேருக்கு முதல் இரண்டு நாளுக்குள்ளேயே! ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப் போடுகிறோமே, அந்த நாளை இந்த இரண்டு நாளுக்குள்தான் வருகிறது.

உடனே போனால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் மினி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு, டாக்டர் தேதி கொடுக்கும்வரை காத்திருக்கச் சொல்லாமல், உடனுக்குடன் பரிசோதனையும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்து பார்த்தார்கள். முன்பு 90 நாளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வந்துகொண்டிருந்த ஸ்ட்ரோக், இரண்டு பேராகக் குறைந்துவிட்டது. 2007இல் வெளியான முடிவு இது. புது மருந்து எதுவும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க, பி.பி. குறைய, கொழுப்புக் குறைய என்று எல்லாருக்கும் தெரிந்த மருந்துகள்தான், சீக்கிரமாகக் கொடுத்ததில்தான் வித்தியாசம். எலிக்குப் போட்ட கணக்கை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

கையைக் கட்டினால் மூளைக்குப் பலனா?

மூளையின் குழாயை யாரும் இறுக்கிப் பிடித்துப் பயிற்சி கொடுக்க முடியாது. அப்படியானால் இந்தக் கண்டுபிடிப்பு ஏட்டுச் சுரைக்காய்தானா? இல்லை. 1993இல் நாய்களின் இதயத்தில் இன்னொரு விந்தை தெரிந்தது. ஒரு குழாயை விட்டு விட்டு இறுக்கினால், வேறொரு குழாய் பாய்கிற பகுதிக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. பிறகு 2002இல், காலைக் கட்டிப் பட்டினி போட்டால் இதயத்துக்குப் பலன் என்று பன்றிகளில் காட்டினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் நின்ற செய்தி தெரு முழுக்கப் பரவி எல்லாரும் குடம் நிரப்புவது போலத்தான்! நரம்பு வழியாகவும் ரத்தத்தில் கலக்கும் ஏதோ பொருள்கள் வழியாகவும் செய்தி போகிறது. அந்தப் பொருள் இன்னதுதான் என்று விஞ்ஞானிகளின் கையில் இன்னும் முழுசாகச் சிக்கவில்லை.

கை கால் தசை மூளையைப் போலச் செல்லப் பிள்ளை இல்லை. கொஞ்ச நேரப் பட்டினியைப் பொறுத்துக்கொள்ளும். எனவே பி.பி. பார்க்கிற பட்டையைப் போன்ற ஒன்றைக் கையில் சுற்றி, சுமார் 200 அளவுக்குக் காற்றடித்து 5 நிமிஷம் வைப்பது, 5 நிமிஷம் தளர்த்துவது, இப்படி நாலைந்து சுற்று. மரத்துப்போகும், வலிக்கும், அவ்வளவுதான்.

பெய்ஜிங்கின் ஷுவான்வூ மருத்துவமனையில், மண்டைக்குள்ளே இருக்கும் ரத்தக்குழாய் குறுகிப்போய் ஏற்கெனவே பாதிப்பு வந்த 68 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். (இந்த வகைக் குறுகல் நம் போன்ற ஆசியர்களுக்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள்.) எல்லாருக்கும் வழக்கமான மருந்துகள் உண்டு; ஒரு பாதிப் பேருக்கு மட்டும் தினம் இரண்டு வேளை, 300 நாள் இந்தப் பட்டைப் பயிற்சி. 2012இல் முடிவு வெளியானபோது, பயிற்சி பெற்றவர்களில் சுமார் 8 சதவிகிதம் பேருக்கும், மற்றவர்களில் சுமார் 27 சதவிகிதம் பேருக்கும் மறுபடி ஸ்ட்ரோக் வந்திருந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது!

68 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக்கூடக் காணாது. அதனால் சீனாவிலேயே 3033 பேரைச் சேர்த்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு நிஜப் பயிற்சி; மீதிப் பேருக்குப் பட்டையை லேசாக மட்டும் இறுக்கிப் பொய்ப் பயிற்சி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 2022இல் வந்த முடிவில், ஸ்ட்ரோக் வருவதைப் பயிற்சி தடுக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஒரு வருஷம் தினமும் விடாமல் செய்வது பலருக்கு முடியாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். தினசரி மாத்திரை போடவே மறக்கிற நமக்கு இது புரியாதா என்ன!

அதே 2022இல் சீனாவிலிருந்தே ஒரு நல்ல செய்தியும் வந்தது. ஸ்ட்ரோக் வந்து இரண்டு நாளைக்குள் இருக்கும் நோயாளிகளுக்கு, தினம் இரண்டு வேளையாக இரண்டு வாரம் வரை பட்டை கட்டினார்கள். ‘முன்’ பயிற்சி இல்லை இது, ‘பின்’ பயிற்சி. மூன்று மாசம் கழித்து, பெரிய குறையில்லாமல் தேறியவர்கள் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேர். மற்றவர்களில் 62 பேர். நூற்றுக்கு ஐந்து பேர் என்பது அவர்கள் குடும்பங்களுக்குச் சின்ன விஷயமா? ஆனால் இதில் பொய்ப் பயிற்சி வைத்து ஒப்பிடவில்லை என்ற குறை இருக்கிறது. 2023இல் டென்மார்க்கில் ஆம்புலன்ஸிலேயே பட்டை கட்டிப் பார்த்தார்கள். அங்கே பலன் தெரியவில்லை.

கை விடவும் முடியாத, கொண்டாடவும் முடியாத நிலை. அதனால் வீட்டில் பி.பி. மிஷின் இருக்கிறதே என்று நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த மிஷின் அளவு பார்க்கத்தான். அழுத்தத்தை 5 நிமிஷம் நிறுத்தி வைக்க அல்ல. கயிறு, ரப்பர் பட்டை என்று கட்டுவது அதைவிட மோசம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி அக்குளில் கட்டிகள் எடுத்தவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் குழாய் இணைத்தவர்கள், கை கால் ரத்தநாளங்களில் ரத்தம் உறைந்தவர்கள், பி.பி. கட்டுக்கடங்காதவர்கள் ஆகியோருக்கு டாக்டர் மேற்பார்வையிலேயே இது சரிப்படாமல் போகலாம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ‘உடம்பைப் பட்டினி போட்டால் நல்லது’ என்று இதைப் படித்துவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, ‘பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்காதே’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பிரசவமான முதல் ஆறு வாரம் ரத்தம் சுலபத்தில் உறையக்கூடிய காலம். தண்ணீரும் குறைந்தால் மூளையின் ரத்தநாளங்களிலேயே உறைந்துவிடும் அபாயம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் சோர்வு என்று வந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பத்தில் பி.பி. ஏறியவர்கள் குழந்தை பிறந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய, யாரும் தடை சொல்லாத பயிற்சி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது: நடை. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஸ்ட்ரோக் வந்த 925 பேரிடம், அதற்கு முன் எவ்வளவு நடந்தார்கள் என்று விசாரித்து 2018இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு 4 மணி நேரமாவது நடந்தவர்களுக்கும், அதைவிடக் கூடுதலாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், லேசான ஸ்ட்ரோக்காகவே போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. நடக்கிறவர்கள் பொதுவாகவே ஆரோக்கியசாலிகள் என்பதும் இதில் கலந்திருக்கலாம். இருந்தாலும் காசா, பணமா? சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிற நடையைத்தான் சொல்கிறேன்.

அறிகுறி தெரிந்தால்...

முகம் ஒருபுறம் கோணுவது, ஒரு கையோ காலோ துவள்வது, பேச்சுக் குழறுவது அல்லது மற்றவர் பேசுவது புரியாமல் போவது, திடீரென்று ஒரு கண் பார்வை மறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108க்குப் போன் செய்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலருக்கு மட்டும், குழாய் விட்டுக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையை 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. வழியில் காபி, தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் புரையேறிவிடும். ‘ரத்தம் உறையாமலிருக்க’ என்று ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம். உள்ளே அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே எமனாகிவிடும்.

பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். போனதும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியா எத்தனை மணிக்கு இவங்க நல்லா இருந்தாங்க?” என்பதுதான். பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் மணியைக் கிறுக்கி, அந்தத் தாளையே கிழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் அட்டைகளோடு கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.